பல்கலைக்கழக எண்ணிம உள்ளடக்கங்களின் அணுகுதன்மை

பல்கலைக்கழக எண்ணிம உள்ளடக்கங்களின் அணுகுதன்மை என்பது இணையவழிப் பாடங்கள், பிடிஎப் நூல்கள், விரிவுரைக் காணொளிகள், தேர்வுப் படிவங்கள் முதலியவற்றை மாற்றுத்திறனாளி மாணவர்களும் பிறர் உதவியின்றிப் பயன்படுத்தும்படி அமைப்பதாகும். தமிழ்ப் பாடங்களைப் பொறுத்தவரை முதற்கேள்வி எளிமையானது: கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது கணினிக்கும் எழுத்தாக இருக்கிறதா?

எழுத்தும் எழுத்தின் படமும்

பார்வையற்ற மாணவர்கள் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் வழியாகக் கணினியைப் பயன்படுத்துகின்றனர். திரையில் உள்ள உரையை அது குரலாகவோ பிரெயிலாகவோ மாற்றித் தருகிறது. ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கப்பட்ட என்விடிஏ என்னும் கட்டற்ற திரைவாசிப்பான் தமிழையும் வாசிக்கும். ஆனால் அது வாசிப்பதற்கு உரை இருக்க வேண்டும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் திருமுக்கூடலை எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து (11-ஆம் நூற்றாண்டு) நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, வேதமும் இலக்கணமும் கற்பித்த கல்லூரி, மாணவர் விடுதி ஆகியவற்றுக்கான செலவுகளை அது விவரிக்கிறது. தமிழக வரலாறு படிப்பவர் தவிர்க்க இயலாத சான்று இது. இக்கல்வெட்டு அச்சான நூலின் பக்கங்களை வருடி இணையத்தில் ஏற்றினால், திரைவாசிப்பானுக்கு அவை வெறும் படங்களே. எழுத்துணரி மென்பொருள் ஓரளவு உதவும். பழைய அச்சும் கிரந்த எழுத்தும் கலந்த பக்கங்களில் அது தடுமாறும் என்பதால், ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும்.

உரையாக்கிய பின்னும் வேலை உண்டு. மருத்துவர் முதலியோருக்கு எத்தனை கலம் நெல், எத்தனை காசு என்னும் விவரத்தை அட்டவணையாகத் தரும்போது தலைப்புக் கட்டங்களை முறையாகக் குறிக்க வேண்டும். இல்லையேல் எது யாருக்குரியது என்று தெரியாமல் எண்கள் மட்டும் வரிசையாகக் காதில் விழும். கல்வெட்டின் ஒளிப்படத்துக்கு "படம் 3" என்ற குறிப்பு போதாது. படத்தில் என்ன தெரிகிறது என்பதை மாற்றுரையாக எழுத வேண்டும்.

எழுத்துரு தரும் தொல்லை

ஆங்கிலப் பாடங்களில் அரிதாகவே காணப்படும் சிக்கல் ஒன்று தமிழில் இன்றும் தொடர்கிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை ஏராளம். அவற்றில் சேமிக்கப்படுவன ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. பாமினியில் "தமிழ்" என்று தெரியும் சொல்லை, திரைவாசிப்பான் "ஜே, கே, பி, ஓ" என்று வாசிக்கும். பார்வையுள்ள ஆசிரியருக்கு இப்பிழை கண்ணில் படுவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் அப்படியே நீடிப்பதற்கு அதுவே காரணம். மாற்றிகளைக் கொண்டு இத்தகைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றலாம்.

காணொளிகள்

செவித்திறன் குறைந்தோருக்கு விரிவுரையின் வசனவரிகள் தேவை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் கட்டணமின்றி வெளியிட்ட காணொளிகளில் பலவற்றுக்குச் சரியான வசனவரிகள் இல்லை என்று செவித்திறனற்றோர் தரப்பில் முறையீடு எழுந்தது. அந்நாட்டு நீதித்துறை 2016-இல் அக்குறைகளைச் சுட்டியது. அவற்றைச் சரிசெய்யும் செலவைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறி, 2017-இல் 20,000-க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து பல்கலைக்கழகம் அகற்றியது. கேட்டவர்களுக்கும் கிடைக்கவில்லை, மற்றவர்களும் இழந்தனர். வசனவரியைப் பதிவு செய்யும்போதே சேர்ப்பது சிறு வேலை. ஆயிரக்கணக்கில் குவிந்தபின் சேர்ப்பது பெருஞ்சுமை.

இந்தியச் சட்டங்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்குகிறது. அதன் 42-ஆம் பிரிவு மின்னணு உள்ளடக்கங்களை அணுகத்தக்க வடிவில் தரக் கோருகிறது. முதலாவதைச் சேர்க்கைப் பட்டியலில் எண்ணிப் பார்த்துவிடலாம்; இரண்டாவதைச் சோதிக்க ஒவ்வொரு கோப்பையும் திறக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எண்ணிம அணுகல், அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது.

பதிப்புரிமை தடையாகும் என்னும் அச்சத்துக்கு இடமில்லை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காக ஒரு நூலை அணுகத்தக்க வடிவுக்கு இலாப நோக்கின்றி மாற்ற உரிமையாளரின் இசைவு தேவையில்லை.