மொழிக்கூடு

தறிவீட்டுப் பிள்ளைக்குப் பாவு இது, ஊடை இது, நாடா இது என்று எவரும் பாடம் நடத்துவதில்லை. வேலையின் நடுவே அச்சொற்கள் தாமே நாவில் ஏறிவிடுகின்றன. கைநழுவிப்போகும் ஒரு மொழியையும் இவ்வாறே மீண்டும் கற்க இயலுமா? நியூஸிலாந்தின் பூர்விகக் குடிகளாகிய மாவோரி மக்கள் இதனைச் செய்து பார்த்தவர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டுப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய மாவோரிச் சிறுவர்கள் தண்டிக்கப்பட்டனர். பின்னர்க் குடும்பங்கள் பிழைப்பு நாடி நகரங்களில் குடியேறின. பெற்றோரே பிள்ளைகளிடம் ஆங்கிலம் பேசத் தலைப்பட்டனர். 1970களில் மொழியைச் சரளமாக அறிந்தோர் பெரும்பாலும் முதியோரே. மாவோரி மொழியைப் பள்ளிகளில் கற்பிக்கக் கோரி 30,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பம் 1972இல் பாராளுமன்றத்திற்குச் சென்றது.

வயது வந்தோருக்கென 1970களின் இறுதியில் காத்தெரினா மத்தாயிரா, ஙோயி பேஃபைராங்கி என்னும் இரு பெண்மணிகள் 'தே அத்தாராங்கி' என்ற முறையை வகுத்தனர். வண்ணக் குச்சிகளே அதன் கருவி. ஆசிரியர் ஒரு குச்சியை எடுத்து நிறத்தை மாவோரியில் சொல்வார். எடு, கொடு, வை என்பார். கற்பவர் கையால் செய்து, வாயாலும் சொல்ல வேண்டும். அங்கே ஆங்கிலம் பேசலாகாது. பிறர் முறை வரும்போது விடையை எடுத்துக்கொடுக்கவும் ஆகாது. இவ்விரண்டாம் விதியை நாம் பெரிதும் மெச்சுகிறோம். வயது வந்தவர் வாய் திறக்கத் தயங்குவது பெரும்பாலும் வெட்கத்தினாலேயே; அருகிலிருப்பவர் முந்திக்கொண்டால் அவ்வெட்கம் இரட்டிக்கும். (நம் பொதுக்குழுக் கூட்டங்களுக்கும் இவ்விதி தேவை என்பது வேறு விஷயம்.)

1982இல் வெலிங்டனுக்கு அருகே வைனுயியோமாட்டாவில் முதல் 'கோஹங்கா ரேயோ' திறக்கப்பட்டது. மொழிக்கூடு என்பது அதன் பொருள். பள்ளி வயது எய்தாத குழந்தைகள் பகற்பொழுதை அங்கே கழிப்பர். கை கழுவுதல், உண்ணுதல், விளையாடுதல், உறங்குதல் யாவும் மாவோரி மொழியிலேயே. மொழி நன்கறிந்த பாட்டிமாரும் பாட்டனாரும் உடனிருந்து பேசுவர். நிர்வாகம் குடும்பங்களின் கூட்டுப் பொறுப்பு; இதன் பலமும் தொல்லையும் நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளிலேயே கூடுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 1987இல் மாவோரி சட்டப்படி ஆட்சிமொழியாயிற்று.

எனினும் இடர் ஒன்று இருந்தது. பகலெல்லாம் மாவோரி பேசிய குழந்தை மாலையில் வீடு திரும்பினால் அங்கே ஆங்கிலம். ஐந்து வயதில் பள்ளிக்குச் சென்றால் அங்கும் ஆங்கிலம். ஆகவே பெற்றோரும் உடன் கற்க வேண்டுமென்று கூடுகள் எதிர்பார்த்தன. முழுவதும் மாவோரியிலேயே நடைபெறும் பள்ளியொன்றும் 1985இல் ஆக்லாந்தில் தொடங்கப்பெற்றது.