இனாம்காவ் எலும்புகளின் சாட்சியம்

மண்ணுக்குள்ளிருந்து ஓர் எலும்புக்கூடு வெளிப்படும்போது, அது ஸ்திரீயினுடையதா புருஷனுடையதா என்ற முதற் கேள்விக்கு விடை தேடும் அறிஞர்கள், பலரும் எண்ணுவதுபோல் மண்டையோட்டை அன்று, இடுப்புக்கூட்டையே முதலில் நாடுகிறார்கள். 1939-இல் தொல்லியலறிஞர் சங்காலியாவும் மானிடவியலறிஞர் ஐராவதி கார்வேயும் பணியேற்றது முதலாகப் புனே டெக்கான் கல்லூரியில் வேரூன்றி வளர்ந்த தொல்லியல், மானிடவியல் ஆராய்ச்சிகளிலும் இந்த உறுப்புக்குத் தனி மதிப்பு உண்டு.

இடுப்புக்கூடு ஒரே எலும்பன்று. இருபுறமும் விரிந்த இடுப்பெலும்புகள் முன்புறத்தில் ஒன்றையொன்று சந்திக்க, பின்புறத்தில் ஐந்து முள்ளெலும்புகள் கூடி ஒன்றான திரிகாஸ்தியும், அதன் கீழ் வாலெலும்பும் சேர்ந்து வளையத்தைப் பூர்த்தி செய்கின்றன. நிமிர்ந்து நடக்கும் சரீரத்தின் பாரத்தைத் தாங்குகிற இதே வளையத்தின் வழியாகவே பெருந்தலையுடைய மானிட சிசுவும் வெளிவர வேண்டியிருப்பதால், பெண்ணின் இடுப்பு ஆணினதைக் காட்டிலும் அகலமாகவும் ஆழம் குறைந்ததாகவும் அமைந்திருக்கிறது. முன்னெலும்புகள் கூடுமிடத்தின் கீழுள்ள கோணம் பெண்ணுக்கு ஏறக்குறைய செங்கோணமாக விரிந்தும், ஆணுக்குக் குறுகியும் இருக்கும். தொடைக்குச் செல்லும் பெருநரம்பு கடக்கும் பின்புறத்துப் பள்ளமும் அவ்வாறே வேறுபடும். மென்மையான முன்னெலும்பு மண்ணின் பாரத்தில் எளிதில் நொறுங்கிவிட, திண்மை மிக்க அந்தப் பின்பள்ளம் பெரும்பாலும் எஞ்சி நின்று சாட்சி சொல்லும்.

புனேக்குக் கிழக்கே, கோட் நதிக்கரையிலுள்ள இனாம்காவில் 1968 முதல் 1983 வரை டெக்கான் கல்லூரியார் நிகழ்த்திய அகழாய்வில், சுமார் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உழவர்களின் ஊர் ஒன்று வெளிப்பட்டது. வீட்டுத் தரைக்கடியிலேயே இறந்தோரை அடக்கம் செய்திருந்தார்கள். வயது வந்தோர் பலர் பாதங்கள் நீக்கப்பட்டு நீட்டிக் கிடத்தப்பட்டிருக்க, ஐந்து அறைகள் கொண்ட ஒரு வீட்டின் முற்றத்தில், நான்கு கால்களையுடைய பெரிய மண் தாழியினுள் ஒரு புருஷன் உட்கார்ந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தான். ஆதிச்சநல்லூர்த் தாழிகளை அறிந்த நமக்கு அக்காட்சி முற்றிலும் அந்நியமன்று.

ஆயினும் அங்கே கிடைத்த அடக்கங்களில் மிகுதியானவை குழந்தைகளுடையவை. வாயோடு வாய் பொருத்திய இரு பானைகளுக்குள் அவர்களைப் படுக்கவைத்திருந்தார்கள். இடுப்பெலும்பு ஒவ்வொன்றும் பாலப்பருவத்தில் மூன்று துண்டுகளாய், தொடையெலும்பின் தலை பொருந்தும் குழியில் குருத்தெலும்பால் பிரிந்து நின்று, யௌவனம் தொடங்கும் காலத்திலேயே ஒன்றாகிறது. பெண்மைக்கும் ஆண்மைக்கும் உரிய வடிவமும் அப்போதுதான் தெளிவாகத் தோன்றுகிறது. ஆகவே, ஆண் மகவை ஒரு விதமாகவும் பெண் மகவை வேறு விதமாகவும் அவ்வூரார் அடக்கம் செய்தார்களா என்ற, என் மனத்துக்கு மிகவும் அவசியமாகத் தோன்றுகிற கேள்விக்கு, இடுப்பெலும்பு விடை தருவதில்லை.

மரபணுவைக் கேட்கலாமே எனில், நம் தேசத்து வெப்பம் அதைப் பெரும்பாலும் அழித்துவிடுகிறது. டெக்கான் கல்லூரியின் வசந்த் ஷிண்டே குழுவினர் ஹரப்பா நாகரிக ஊரான ராக்கிகடியின் எலும்புகளிலிருந்து எடுத்த 61 மாதிரிகளுள் ஒரு பெண்ணினது ஒன்றே பயன் தந்தது என்பதை 2019-இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டிற்று. ஆனால் பல்லின் எனாமலில் உறைந்திருக்கும் ஒரு புரதம் மரபணுவினும் நெடுங்காலம் நிலைப்பது. எக்ஸ், ஒய் ஆகிய இரு குரோமோசோம்களும் அதைச் சிறு வேற்றுமையோடு உண்டாக்குவதால், குழந்தையின் ஒரு பல்லைக் கொண்டே பால் நிர்ணயம் செய்யும் முறை இப்போது கைகூடியிருக்கிறது. இனாம்காவ்க் குழந்தைகளின் பற்கள் அச்சோதனைக்கு முற்றிலும் உரியவை.