கனவில் கைகால் கட்டுண்டு கிடப்பது ஏன்?

நடுச்சாமத்தில் திடீரென்று விழிப்பு வருகின்றது. சாளரத்தின் வழியே தெருவிளக்கின் ஒளி தெரிகின்றது. அருகில் உறங்குவோரின் மூச்சொலியும் கேட்கின்றது. ஆயினும் கையை அசைக்க இயலவில்லை. கூவியழைக்க நாக்கு எழவில்லை. மார்பின்மேல் யாரோ ஏறி அமர்ந்திருப்பது போன்றதோர் அச்சம். சிறிது நேரத்தில் எல்லாம் தானே விலகிவிடுகின்றது. மறுநாள் காலையில் வீட்டு முதியவர், "அமுக்குவான் அமுக்கியிருக்கிறான், தலைமாட்டில் இரும்பு வைத்துப் படு" என்று சொல்லிவிடுவார். மும்பைக்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் நாம் குடிபெயர்ந்தபோது, அமுக்குவானும் பயணச்சீட்டு இன்றி நம்மோடு இரயிலேறி வந்துவிட்டான் போலும்!

அவனுடைய உண்மையான இருப்பிடம் நம் மூளைத்தண்டு. முதுகுத்தண்டு மேலேறி மூளையோடு இணையும் பகுதி அது. முதுகெலும்புள்ள உயிர்கள் அனைத்திற்கும், மீனுக்கும் தவளைக்கும்கூட, அது உண்டு. மூச்சு, விழுங்குதல், தாடை, நாக்கு, விழி ஆகியவற்றின் இயக்கங்களெல்லாம் அங்கிருந்தே ஆளப்படுகின்றன. ஆள்வது என்றால் ஏவுவது மட்டுமன்று, அடக்குவதும் ஆகும். சொல்லப்போனால், அடக்குவதே அரிய தொழில்.

அத்தொழிலை இரண்டு பொருள்கள் செய்கின்றன. ஒன்று கிளைசின், அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது, நாவுக்கு இனிப்பது. மற்றொன்று காமா அமினோ பியூட்டிரிக் அமிலம். சுருக்கமாகக் 'காபா' என்பர். ஒரு நரம்பணுவின் முனையிலிருந்து இவை வெளிப்பட்டு, அடுத்த நரம்பணுவின் மேலுள்ள ஏற்பிகளில் சென்று பொருந்துகின்றன. உடனே அங்குள்ள நுண்வாயில்கள் திறந்து, குளோரைடு அயனிகள் உட்புகுகின்றன. அவ்வணுவின் கிளர்ச்சி அடங்குகின்றது. கிளைசினின் செயல் விரைந்து முடிவது. காபாவின் செயல் சற்று நீடிப்பது. காபாவுக்கு வேறு வகை ஏற்பி ஒன்றும் உண்டு. அது மெல்லத் தொடங்கி நெடுநேரம் நிற்கும்.

இவ்விரண்டும் தனித்தனி நரம்பணுக்களுக்கு உரியவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1998ஆம் ஆண்டில் எலிகளின் முதுகுத்தண்டிலும், அடுத்த ஆண்டில் மூளைத்தண்டில் நாக்கை இயக்கும் நரம்பணுக்களிலும் ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். ஒரே நுண்பையிலிருந்து இரண்டும் ஒருங்கே வெளிப்படுகின்றன!

இனி உறக்கத்துக்கு வருவோம். மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து உருளும் உறக்க நிலையொன்றை 1953இல் சிகாகோவில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் விவரித்தனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்நிலையில் தோன்றுவன. அப்போது விழித்தசைகளும் மூச்சுக்குரிய உதரவிதானமும் நீங்கலாக, உடலின் தசைகள் ஏறக்குறைய அனைத்தும் தளர்ந்துவிடுகின்றன. கனவில் ஓடுபவன் கட்டிலிலிருந்து எழுந்து ஓடாமலிருப்பது இதனாலேயே. இப்பூட்டு திறக்குமுன் அறிவு விழித்துக்கொண்டால், அதுவே அமுக்குவான்.

பூட்டுவது எது? கிளைசினே என்றனர் சிலர். 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பேட்ரிசியா புரூக்ஸ், ஜான் பீவர் இருவரும் உறங்கும் எலிகளின் தாடைத் தசையில் இதைச் சோதித்தனர். கிளைசினின் ஏற்பியையும் காபாவின் விரைவு ஏற்பியையும் மருந்தால் அடைத்தபோதும் தளர்ச்சி நீங்கவில்லை. காபாவின் மெல்லிய ஏற்பியை மட்டும் அடைத்தபோதும் நீங்கவில்லை. அனைத்தையும் ஒருசேர அடைத்தபோதுதான் உறங்கும் எலியின் தாடை இயங்கியது. ஒரு சாவியால் திறவாத இரட்டைப் பூட்டு அது.

இவ்வடக்கம் கெட்டால் நேர்வதென்ன? எட்டிக்காயைத் தமிழர்க்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. அதன் விதையிலுள்ள ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சு கிளைசினின் ஏற்பியை அடைத்துவிடுகின்றது. நஞ்சுண்டவன் சிறு ஓசைக்கும் உடல் வில்லாய் வளையத் துடிக்கிறான். அறிவோ கலங்காமல் விழித்திருக்கின்றது. இரணஜன்னி இதனினும் கொடிது. காயத்தில் புகுந்த கிருமியின் நஞ்சு நரம்பு வழியே ஏறி, கிளைசின், காபா இரண்டும் வெளிப்படாமலே தடுத்துவிடுகின்றது. பெரும்பாலும் முதலில் இறுகுவது தாடை. தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் இரணஜன்னியை இந்தியா பொதுநல அளவில் ஒழித்தது 2015இல் உறுதிசெய்யப்பட்டது. கிருமியோ மண்ணில் என்றும் இருப்பது. ஆதலின் கருவுற்ற பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் தடுப்பூசி இன்றும் தவறலாகாது.

அமுக்குவானுக்கு அஞ்ச வேண்டியதில்லை. உறக்கம் குறைந்தவர்க்கும், இரவு வேலையால் உறங்கும் நேரம் மாறுபவர்க்கும், மல்லாந்து படுப்பவர்க்கும் அது மிகுதியாக வருகின்றது. இரும்புத் துண்டைவிட ஒழுங்கான உறக்கமே பயன்தரும். கருத்தூன்ற வேண்டியது இதற்கு நேர்மாறான நிலை. 1986இல் அமெரிக்க மருத்துவர் ஷெங்க்கும் மஹோவால்டும் எடுத்துரைத்த நோயில், கனவின்போது பூட்டே விழுவதில்லை. ஐம்பது வயதைக் கடந்த ஆடவரிடம் மிகுதியாகக் காணப்படுவது அது. கனவில் கள்வனை எதிர்ப்பதாக எண்ணி, பக்கத்தில் உறங்கும் மனைவியைக் குத்திவிடுவார், காலையில் வருந்துவார். வீட்டார் இதைக் கெட்ட கனவென்று சிரித்து விடுவதுண்டு. இவர்களுள் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் நோய் தோன்றுகின்றது. ஆகவே தந்தையரோ பாட்டனாரோ உறக்கத்தில் அடிக்கடி உதைத்தும் கூவியும் எழுந்தால், கட்டிலருகே உள்ள கண்ணாடிப் பொருள்களை அகற்றிவிட்டு, நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவில் நடப்பதை நேரில் கண்ட மனைவியாரும் உடன் செல்லட்டும்; உறங்கியவருக்கு அது தெரிந்திராது.