விஜேந்தர் சிங்கின் தொழில்முறைக் குத்துச்சண்டை வாழ்க்கை

விஜேந்தர் சிங் (பிறப்பு: 29 அக்டோபர் 1985) இந்தியக் குத்துச்சண்டை வீரர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர். 2015ஆம் ஆண்டில் அமெச்சூர் போட்டிகளை விட்டு விலகித் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு மாறினார். 2015 முதல் 2022 வரை 14 போட்டிகளில் மோதி 13இல் வென்றார். அவற்றில் 9 வெற்றிகள், எதிராளியால் தொடர முடியாமல் போட்டி பாதியில் முடிந்ததால் கிடைத்தவை. 13 வெற்றி, 1 தோல்வி என்ற கணக்கு பெரிதாகத் தெரிந்தாலும், உலகப் பட்டத்துக்கான போட்டி ஒன்றில்கூட அவர் இந்தக் காலத்தில் மோதவில்லை. இது ஏன் என்பதை அறிய, அவர் யாரோடு, எங்கே, எவ்வளவு இடைவெளி விட்டு மோதினார் என்று பார்க்க வேண்டும்.

பின்னணி

காசுக்காகக் குத்துச்சண்டை போடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வட சென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அணி பிரிந்து, டிக்கெட் விற்று, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நடந்த சண்டைகளை 'ரோசமான குத்துச்சண்டை' என்று அழைத்தார்கள். 2021இல் வெளியான 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் அந்த உலகத்தையே காட்டியது. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் மோதியபோது திரண்ட கூட்டத்துக்கும் இந்தப் பழக்கமே ஒரு காரணம். ஆனால் அந்த மரபு நகர எல்லையைத் தாண்டி, உலக அமைப்புகளின் தரவரிசையோடு இணையவில்லை. நாடு முழுவதும் குத்துச்சண்டை என்றால் ராணுவம், ரயில்வே, காவல்துறை ஆகியவற்றின் வேலைவாய்ப்பை நம்பிய அமெச்சூர் விளையாட்டாகவே அது இருந்தது. பதக்கம் வாங்கினால் அரசு வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் குடும்பம் நிமிரும் என்பதே பெரும்பாலான வீரர்களின் கணக்கு.

விஜேந்தரும் அந்தக் கணக்கிலிருந்து வந்தவர்தான். ஹரியானா மாநிலம் பிவானி மாவட்டத்தின் காளுவாஸ் கிராமத்தில் பிறந்தார். தந்தை ஹரியானா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநர். அண்ணன் மனோஜ் குத்துச்சண்டையால் ராணுவத்தில் சேர்ந்ததைப் பார்த்தே தம்பியும் கையுறை மாட்டினார். பயிற்சியாளர் ஜக்தீஷ் சிங் நடத்திய பிவானி குத்துச்சண்டைக் கழகத்தில் தேர்ச்சி பெற்றார்.

அமெச்சூர் காலம்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 18 வயதில் கலந்துகொண்டு முதல் போட்டியிலேயே தோற்றார். 2006இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் வெள்ளியும், தோகா ஆசியப் போட்டியில் வெண்கலமும் கிடைத்தன.

பெய்ஜிங்கில் அவருடைய முதல் எதிராளி, காம்பியாவுக்காக வந்திருந்த பாடூ ஜாக். விஜேந்தர் 13–2 என்ற புள்ளிக் கணக்கில் எளிதாக வென்றார். அடுத்து தாய்லாந்து வீரரையும், காலிறுதியில் எக்வடாரின் கார்லோஸ் கோங்கோராவையும் தோற்கடித்துப் பதக்கத்தை உறுதி செய்தார். அரையிறுதியில் கியூபாவின் எமிலியோ கொரெயாவிடம் 5–8 எனத் தோற்றார். 2009 மிலான் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம், அதே ஆண்டில் மிடில்வெயிட் பிரிவின் உலகத் தரவரிசையில் முதலிடம், 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் என அடுத்த இரண்டு ஆண்டுகள் அவருடைய உச்சம். ராஜீவ் காந்தி கேல் ரத்னா விருதும் பத்மஸ்ரீ விருதும் இக்காலத்தில் வந்தவை. குவாங்சோ இறுதிப் போட்டியில் அவர் 7–0 என வென்ற உஸ்பெகிஸ்தானின் அப்போஸ் அதோயேவ், 2012 லண்டன் ஒலிம்பிக் காலிறுதியில் 17–13 எனப் பழிதீர்த்துக்கொண்டார்.

பாடூ ஜாக்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பெய்ஜிங்கில் தோற்ற அவர் அடுத்த ஆண்டே தொழில்முறைக்கு மாறி, 2015 ஏப்ரலில் சூப்பர் மிடில்வெயிட் பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். அவரை வென்ற விஜேந்தர் அப்போது தொழில்முறையில் முதல் போட்டிக்கே இறங்கியிருக்கவில்லை.

2015: மாறும் முடிவு

2012 டிசம்பரில் சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம், நிர்வாகத் தேர்தல் தொடர்பான குளறுபடிகளுக்காக இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் இந்தியக் குத்துச்சண்டை நிர்வாகமே தடுமாறிக்கொண்டிருந்தது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் விஜேந்தர் வெள்ளி வென்றார். அடுத்த இலக்கு 2016 ரியோ ஒலிம்பிக் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

ஆனால் 2015 ஜூன் 29 அன்று, பிராங்க் வாரனின் குயின்ஸ்பெரி புரமோஷன்ஸ் நிறுவனத்துடன் லண்டனில் ஒப்பந்தம் செய்துகொண்டதாக அவர் அறிவித்தார். ஒலிம்பிக் கனவைக் கைவிட்டார் என்ற வருத்தம் ஒருபக்கம் எழுந்தது. ஹரியானா காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளராக இருப்பவர் சம்பளத்துக்குச் சண்டை போடலாமா என்ற கேள்வி மறுபக்கம் எழுந்து உயர் நீதிமன்றம் வரை போனது. பாதுகாப்பான வேலை, நாட்டுக்கான பதக்கம் ஆகிய இரண்டையும் பணயம் வைத்து, 29 வயதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதுதான் அந்த முடிவின் பொருள். குத்துச்சண்டையில் 29 வயது தொடக்கத்துக்குத் தாமதமான வயது. ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள் பெரும்பாலும் அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே தொழில்முறைக்கு வந்துவிடுவார்கள். விஜேந்தர் ஏழு ஆண்டுகள் கழித்து வந்தார்.

இரண்டும் ஒரே விளையாட்டு அல்ல

பெய்ஜிங்கில் விஜேந்தர் தலைக்கவசம் அணிந்து, இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு ஆடினார். ஒரு குத்து சரியாக விழுந்ததாக ஐந்து நடுவர்களில் மூவர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் ஒரு புள்ளி. தொட்டுவிட்டு விலகும் வேகம் அங்கே பயன்தந்தது. தொழில்முறையில் தலைக்கவசம் கிடையாது, சுற்று ஒன்றுக்கு மூன்று நிமிடம். புதியவருக்கு நான்கு சுற்று, பட்டப் போட்டிக்கு பத்து அல்லது பன்னிரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவருக்கு 10 புள்ளி, மற்றவருக்கு 9, கீழே விழுந்தால் 8. விலா எலும்பிலும் வயிற்றிலும் இறங்கும் கனமான குத்துகள் முதல் சுற்றில் பலன் தராவிட்டாலும் எட்டாவது சுற்றில் காலைத் தளர வைக்கும்.

இன்னொரு வேறுபாடு மேடைக்கு வெளியே இருக்கிறது. அமெச்சூரில் எதிராளியைக் குலுக்கல் முடிவு செய்யும். தொழில்முறையில் எதிராளியை போட்டி அமைப்பாளர் தேர்ந்தெடுப்பார். புதிய வீரருக்கு ஆரம்பத்தில் எளிதான எதிராளிகளைக் கொடுத்து, படிப்படியாகக் கடினமாக்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆகவே ஒருவரின் வெற்றி எண்ணிக்கையை மட்டும் வைத்து அவரை எடைபோட முடியாது.

முதல் ஆறு போட்டிகள்

மான்செஸ்டரில் லீ பியர்டிடம் பயிற்சி எடுத்த விஜேந்தர், 2015 அக்டோபர் 10 அன்று அதே நகரில் சானி வைட்டிங்கை மூன்றாவது சுற்றில் நிறுத்தினார். நவம்பரில் டப்ளினில் டீன் கில்லன் முதல் சுற்றையே தாண்டவில்லை. டிசம்பரில் பல்கேரியாவின் சாமெட் ஹியூசெய்னோவ், 2016 மார்ச்சில் லிவர்பூலில் ஹங்கேரியின் அலெக்சாண்டர் ஹோர்வாத், ஏப்ரலில் லண்டனில் மத்தியூஸ் ரோயர், மே மாதம் போல்டனில் போலந்தின் ஆந்த்ரே சோல்ட்ரா என ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தார்கள். பாம்பின் இரத்தம் குடித்துத் தயாராவதாகச் சொல்லிக்கொண்டு வந்த ஹோர்வாத்துக்கும் மூன்றாவது சுற்றோடு சரி.

ஏழே மாதங்களில் ஆறு வெற்றிகள். ஆனால் இவற்றில் விஜேந்தர் மொத்தமாக மேடையில் நின்றது 17 சுற்றுகளுக்குள்தான். ஐந்தாவது சுற்றுக்கு அப்பால் அவருடைய மூச்சு தாங்குமா என்பது யாருக்கும் தெரியாமலேயே இருந்தது.

டெல்லியும் மும்பையும்

2016 ஜூலை 16 அன்று டெல்லி தியாகராஜ் அரங்கில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. எதிராளி கெர்ரி ஹோப், வேல்ஸில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வசித்தவர். முன்னாள் ஐரோப்பிய மிடில்வெயிட் சாம்பியன். பத்துச் சுற்றும் நடந்த போட்டியில் நடுவர்கள் 98–92, 98–92, 100–90 என விஜேந்தருக்கு வெற்றி அளித்தார்கள். அதாவது இரண்டு நடுவர்களின் பார்வையில் ஹோப் இரண்டு சுற்றுகளில் மட்டுமே மேலோங்கினார். மூன்றாமவர் பார்வையில் ஒன்றில்கூட இல்லை. இதன்மூலம் உலகக் குத்துச்சண்டை அமைப்பின் ஆசிய பசிபிக் சூப்பர் மிடில்வெயிட் பட்டம் விஜேந்தருக்கு வந்தது.

இந்தியச் செய்திகளில் இது சில இடங்களில் உலகப் பட்டம் போலவே கொண்டாடப்பட்டது. உண்மையில் இது வட்டாரப் பட்டம். தொழில்முறையில் நான்கு பெரிய அமைப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் உலகப் பட்டத்துக்குக் கீழே கண்டம், வட்டாரம் எனப் பல பட்டங்களை வழங்குகின்றன. வட்டாரப் பட்டத்தின் பயன், அது வீரரைத் தரவரிசைக்குள் கொண்டுவருவது. அங்கிருந்து உலகப் பட்டப் போட்டிக்குப் போக, தரவரிசையில் மேலே இருப்பவர்களோடு தொடர்ந்து மோதி வெல்ல வேண்டும்.

டிசம்பரில் அதே அரங்கில் தான்சானியாவின் அனுபவசாலியான பிரான்சிஸ் செக்காவை மூன்றாவது சுற்றில் நிறுத்திப் பட்டத்தைத் தக்கவைத்தார். 2017 ஆகஸ்ட் 5 அன்று மும்பையில் சீனாவின் சுல்பிகார் மைமைத்தியாலியுடன் நடந்த போட்டியே விஜேந்தர் வென்றவற்றில் மிகக் கடினமானது. இருவரின் பட்டங்களும் பணயத்தில் இருந்தன. நடுவர்களின் கணக்கு 96–93, 95–94, 95–94. ஒரு சுற்று மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். அப்போது டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்றிருந்தன. எல்லையில் பதற்றம் வேண்டாம், சுல்பிகாரின் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று விஜேந்தர் மேடையிலேயே சொன்னார். டிசம்பரில் ஜெய்ப்பூரில் கானாவின் எர்னெஸ்ட் அமுசுவை எளிதாக வென்றதோடு கணக்கு 10–0 ஆனது.

தேய்ந்த வேகம்

உலகப் பட்டத்தை நோக்கி நகர வேண்டிய இடம் அதுதான். அங்கேதான் அவருடைய பயணம் நின்றுபோனது. 2018இல் ஒரு போட்டியும் இல்லை. அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் பாப் ஆரம் நடத்தும் டாப் ரேங்க் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. பயிற்சியில் ஏற்பட்ட காயத்தால் முதல் போட்டி தள்ளிப்போனது. 2019 மக்களவைத் தேர்தலில் தெற்கு டெல்லியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றார். ஜூலையில் நியூவார்க்கில் மைக் ஸ்னைடரை நான்காவது சுற்றில் நிறுத்தியபோது, முந்தைய போட்டி முடிந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நவம்பரில் துபாயில் கானாவின் மூத்த வீரர் சார்லஸ் ஆடமுவைப் புள்ளிகளில் வென்றார். பிறகு கொரோனா வந்தது.

2021 மார்ச் 19 அன்று கோவாவில், ஒரு கேசினோ கப்பலின் மேல்தளத்தில் மேடை அமைத்து, ரஷ்யாவின் ஆர்திஷ் லோப்சானோடு போட்டி நடந்தது. லோப்சான் ஆறடி நான்கு அங்குலம். விஜேந்தரைவிட ஏறக்குறைய பத்து வயது இளையவர். விஜேந்தர் 16 மாதங்கள் போட்டியே இல்லாமல் இருந்தவர். நீண்ட கைகளைத் தாண்டி உள்ளே போக முடியாமல் திணறினார். ஐந்தாவது சுற்றில் நடுவர் போட்டியை நிறுத்தினார். 12 வெற்றிகளின் தொடர் அத்துடன் முடிந்தது. 2022 ஆகஸ்ட் 17 அன்று ராய்ப்பூரில் கானாவின் எலியாசு சுல்லியை இரண்டாவது சுற்றில் வீழ்த்தினார். அப்போது அவருக்கு 36 வயது.

கணக்கை எப்படிப் படிப்பது

இந்த 13–1 கணக்கை ஸ்பெயினின் கிகோ மார்ட்டினேஸின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் நிறைய புரியும். ஸ்பெயினிலும் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் பெரிய சந்தை இல்லை. ஆகவே மார்ட்டினேஸ் அடுத்தவர் ஊருக்குப் போய், அடுத்தவர் ரசிகர்கள் முன்னால் மோதியே பிழைத்தார். கார்ல் பிராம்ப்டனிடம் பெல்பாஸ்டில் இரண்டு முறை தோற்றார். வேறு பலரிடமும் தோற்றார். அவருடைய தோல்விகள் இரட்டை இலக்கத்தைத் தொடும். ஆனால் 2013இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒருமுறையும், 2021இல் 35 வயதில் ஷெபீல்டு நகரில் உள்ளூர் வீரர் கிட் கலஹாட்டை வீழ்த்தி இன்னொருமுறையும், இரு வேறு எடைப் பிரிவுகளில் உலகச் சாம்பியன் ஆனார். தோற்கக்கூடிய போட்டிகளை ஏற்றுக்கொண்டதால்தான் அவருக்கு அந்த வாய்ப்புகள் வந்தன.

விஜேந்தரின் நிலை வேறு. அவர் தோற்றால் இந்தியாவில் தொழில்முறைக் குத்துச்சண்டையின் விளம்பரமே சரியும் என்ற அச்சம் அமைப்பாளர்களுக்கு இருந்திருக்கலாம். 2017 டிசம்பருக்குப் பிறகு ஐந்தாண்டுகளில் நான்கே போட்டிகள் என்பது எந்தச் சாம்பியனையும் துருப்பிடிக்க வைக்கும். அவருடைய திறமையைக் காட்டிலும் இந்த இடைவெளிகளே அவரைத் தடுத்தன என்று சொல்வதே பொருத்தம்.

பின்வந்தவர்கள்

மும்பை போட்டி நடந்த அதே இரவில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உடன் ஆடிய அகில் குமாரும் ஜிதேந்தர் குமாரும் தொழில்முறையில் முதல் போட்டியை ஆடினார்கள். விகாஸ் கிருஷண் தொழில்முறைக்குப் போய்விட்டு மீண்டும் திரும்பி வந்து டோக்கியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். ரியோ போட்டிக்குச் சற்று முன்னர் சர்வதேசச் சங்கம் விதியைத் தளர்த்தி, தொழில்முறை வீரர்களையும் ஒலிம்பிக்கில் அனுமதித்ததால் அது இயன்றது. 2015இல் விஜேந்தர் முடிவெடுத்தபோது அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் காலிறுதியில் தோற்ற நிஷாந்த் தேவ், ஏழு ஆண்டுகள் காத்திருக்கவில்லை. 2025 ஜனவரியில், 24 வயதில், லாஸ் வேகாஸில் தன் முதல் தொழில்முறைப் போட்டியை முதல் சுற்றிலேயே முடித்தார்.