கிரியாட்டினின் சரி, சிறுநீரகம் சரியா?

மரக்காணத்தில் காலமெல்லாம் உப்பு வாரிய ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். வயது 75, மெலிந்த உடம்பு. கண்புரை அறுவைக்கு முன் ரத்தம் எடுக்கிறார்கள். கிரியாட்டினின் 1.1 என்று சீட்டு வருகிறது. பல ஆய்வகங்களின் கணக்கில் அது எல்லைக்குள்தான். "கிட்னிக்கு ஒண்ணும் இல்ல ஆயா, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

அதே 1.1 ஒரு 25 வயது இளைஞனுக்கு வந்திருந்தால் கவலையில்லை. வயது, பாலினம், கிரியாட்டினின் மூன்றையும் வைத்துச் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணிக்கும் சூத்திரம் ஒன்று உண்டு, 2021-இல் திருத்தப்பட்டது. அதில் போட்டால் இளைஞனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 95 மில்லிலிட்டர் வருகிறது. பாட்டிக்குச் சுமார் 52. சீட்டில் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று இருப்பது இந்த எண்தான். அது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பது உலகளாவிய வரையறை.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. வயதானால் தசை கரைகிறது, கழிவும் குறைகிறது. வடிகட்டி பாதி பழுதானாலும் ரத்தத்தில் அதிகம் தேங்குவதில்லை. குப்பையே குறைந்த வீட்டில் குப்பை அள்ளாதது தெரியாத மாதிரி. சூத்திரத்துக்கு வயது தெரியும், பாட்டியின் கை எலும்பும் தோலுமாக இருப்பது தெரியாது. ஆகவே உண்மை நிலை 52-க்கும் கீழே இருக்கலாம். இத்தகையவர்களுக்கு சிஸ்டாட்டின்-சி என்ற இன்னொரு பரிசோதனை உதவும். அது ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உருவாவதால் தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. செலவு கூடுதல், எல்லா ஊரிலும் கிடைக்காது.

உப்பளத்தில் இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கும். ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து வடகிழக்குப் பருவமழை வரும்வரை வேலை. மேலே வெயில், கீழே பாத்தியின் வெள்ளைப் பரப்பிலிருந்து திரும்பும் கண்கூசும் ஒளி. உடம்பில் நீர் வற்றியிருக்கும் நாளில் ரத்தம் எடுத்தால் கிரியாட்டினின் ஏறியிருக்கலாம். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் இறங்கியும் விடலாம். ஒரே சீட்டை வைத்து நோய் என்று முத்திரை குத்தக்கூடாது என்பது அதனால்தான். ஆனால் இந்த வறட்சி ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் நிரந்தரச் சேதமாக முடியலாம் என்ற கவலை ஆய்வாளர்களுக்கு உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் வெப்பத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே ஆராய்ந்திருக்கிறது. கழிப்பறை இல்லாத வேலையிடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதையும், சிறுநீர்த் தொற்று வருவதையும் அந்தக் குழு பதிவுசெய்தது. இதற்கு மருந்து மருத்துவமனையில் இல்லை.

மாலையில் மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் மாத்திரை வேறு. நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. முதியவரிடம் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்பதும் நோயறிதல்தான். ஆண்களென்றால் புராஸ்டேட் வீக்கம் சிறுநீரை அடைக்கிறதா என்று ஒரு ஸ்கேன்.

சரி, 52 வந்த பாட்டி நோயாளியா? இங்கே மருத்துவர்களே ஒத்துப்போவதில்லை. நாற்பதுக்கு மேல் வடிகட்டும் வேகம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் தானாகவே குறையும். எனவே முதியவர்களுக்கு எல்லையை 45 என்று வைக்கலாம் என்கிறார்கள் பெல்ஜியத்தின் பியேர் டெலனாய், அமெரிக்காவின் ரிச்சர்ட் கிளாசக் போன்றோர். எனக்கு அது நியாயமாகவே படுகிறது, ஒரு நிபந்தனையோடு: சிறுநீரில் புரதம் போகவில்லை என்று பார்த்த பிறகு. புரதம் தொடர்ந்து ஒழுகினால் எந்த வயதிலும் அது முதுமை இல்லை, நோய்.

அதைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். சென்னையின் சிறுநீரக நிபுணர் எம்.கே. மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் பல ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கிராமத்தில் செய்துகாட்டியது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் சல்போசாலிசிலிக் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். புரதம் இருந்தால் தெளிந்த நீர் பால் கலந்ததுபோல் கலங்கும். சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல். சந்தேகமானவர்கள் மட்டும் மருத்துவரிடம் போனார்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் விலை மலிந்த மாத்திரைகளே போதுமானதாக இருந்தன. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இன்று குச்சியை நனைத்துப் புரதம் பார்க்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவரின் பழைய சீட்டை எடுத்துப் பாருங்கள். கிரியாட்டினின் மட்டும் இருந்தால் பரிசோதனை பாதிதான் முடிந்திருக்கிறது. இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்து, வெயிலில் வேலை செய்யாத ஒரு நாளில், மறுபடி பாருங்கள். வலி மாத்திரையை அதுவரை மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.