சிங்கமுகப் பிடியும் கப்பலில் வந்த அலகும்

இலங்கைத் தேசியக் கொடியில் சிங்கம் ஏந்தி நிற்கும் வாளுக்குக் கஸ்தானே என்று பெயர். அந்த வாளேந்திய சிங்கக் கொடியே நாட்டின் கொடியாக வேண்டும் என்று 1948 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை. பாசிக்குடாப் பக்கத்தில் ஒரு வீட்டுப் பெட்டகத்தில் அப்படியொரு வாள் கிடந்தால், அதன் வயதை எப்படி அறிவது?

முதலில் அது கஸ்தானேதானா என்று பாருங்கள். பிடியின் தலை வாய் பிளந்த சிங்கமுகமாக இருக்கும். விரலைக் காக்கும் வளைவும், அலகை நோக்கி மடங்கிய கொம்புகளும் சின்னஞ்சிறு மகரத் தலைகளாக முடியும். அலகு குட்டை, இலேசான வளைவு. துருக்கி உஸ்மானியரின் கிலிச் வாள் வேறு மாதிரி: நுனிப் பக்கம் அகன்றிருக்கும், பிடிக்குக் குறுக்கே ஒரு கட்டை மட்டும் நிற்கும். அதில் சில வேளை ஹிஜ்ரி ஆண்டே பொறித்திருப்பார்கள். கஸ்தானேயில் அந்த வசதி அரிது.

பிடியின் வேலைப்பாட்டைப் பார்த்ததும் காலம் சொல்லிவிடத் தோன்றும். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ஹசெகுரா ட்சுனெனாகா என்ற சாமுராய் ஐரோப்பாவுக்குத் தூது போய் 1620இல் ஊர் திரும்பியபோது ஒரு கஸ்தானேயும் கூடப் போனது. அது இன்று ஜப்பானின் செண்டாய் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரித்தானியர் காலத்து உள்ளூர் அதிகாரிகளான முதலியார்மாரின் இடுப்பிலும் அதே சிங்கமுகம்தான் தொங்கியது. இருநூறு ஆண்டுக்கு மேல் நீடித்த வடிவத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது.

ஆகவே அலகைத் தனியே பாருங்கள். 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பர்கனின் கப்பல் மட்டக்களப்பில் நங்கூரமிட்டது. 1638இல் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு வந்தது. அவர்களோடு ஐரோப்பிய அலகுகளும் வந்தன. பிடிக்கு அருகே 'வீ' எழுத்தின் இரு கைகளிலும் 'ஓ', 'சீ' கோத்த முத்திரை இருந்தால் அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. 1602இல் பிறந்து 1799இல் முடிந்த கம்பெனி அது. முத்திரையோடு ஆண்டும் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த ஆண்டு அலகின் வயது மட்டுமே. அலகு தேய்ந்தாலும் முறிந்தாலும் வெள்ளிப் பிடியை எவரும் வீசிவிடுவதில்லை, வேறு அலகு பூட்டிக்கொள்வார்கள். பிடியும் அலகும் சேர்ந்தது அந்த ஆண்டுக்கு முன்னர் இருக்க முடியாது என்பதைத்தான் முத்திரை உறுதியாகச் சொல்லும்.

அலகில் எதுவும் இல்லையென்றால், வாள் வந்த வழியே சாட்சி. 1765இல் கண்டி அரண்மனையில் ஒல்லாந்தர் கொள்ளையிட்ட பொன் கஸ்தானேயும் வெள்ளிக் கஸ்தானேயும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலிருந்து 2023 டிசம்பரில் கொழும்புக்குத் திரும்பின. அவை எங்கிருந்து, எப்படிப் போயின என்பதைப் பழைய ஆவணங்களில் தேடித்தான் நிறுவினார்கள். உங்கள் வீட்டு வாளுக்கு அம்மம்மாவின் நினைவுதான் ஆவணம். வன்னியனாராக இருந்த எந்த ஊர்த் தலைவருக்கு, எந்தப் பதவியோடு வந்தது என்று கேட்டு இன்றே எழுதிவையுங்கள்.

புளி போட்டுத் துலக்க வேண்டாம், உப்புத்தாளும் தேய்க்க வேண்டாம். கறையோடு முத்திரையும் போய்விடும். கடற்கரைக்கு வரும் வெளிநாட்டார் விலை கேட்டால், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றிப் பழம்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகச் சட்டம் இடம் தராது என்று சொல்லிவிடுங்கள்.