ஒரே பூக்கடை, நாட்டுக்கொரு கணக்கு

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒரு பூக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 66 வயது. விடியும் முன்பே வந்து மாலை கட்ட உட்கார்ந்துவிடுவார். மருமகள் வாரத்தில் பத்து மணி நேரம் சரம் தொடுத்துத் தருகிறார், சம்பளம் கிடையாது. படிப்பை முடித்த பேரன், எங்கே கேட்டாலும் கிடைக்கப் போவதில்லை என்று விண்ணப்பமே போடாமல் வீட்டில் இருக்கிறான். இவர்களில் யாருக்கு வேலை இருக்கிறது?

மலேசியப் புள்ளிவிவரத் துறை 1974 முதல் தொழிலாளர் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. அதன் கணக்கு 15 முதல் 64 வயது வரைதான். நாள் முழுக்க உழைக்கும் தாத்தா அதில் வரமாட்டார். கடையைச் சிங்கப்பூருக்கு மாற்றினால் வந்துவிடுவார். அங்கே வயதுக்கு மேல்வரம்பு இல்லை. மருமகள் மலேசியாவில் வேலையில் இருப்பவர். குறிப்பிட்ட வாரத்தில் ஒரு மணி நேரம் குடும்பத் தொழிலில் உழைத்தாலே போதும். அமெரிக்காவிலோ கூலியில்லாத குடும்ப உழைப்பு 15 மணி நேரத்தை எட்ட வேண்டும். பேரன் கதை இன்னும் விநோதம். கிடைக்காது என்று நினைத்துத் தேடாமல் இருப்பவர்களையும் மலேசியா வேலையில்லாதவர்களோடு சேர்த்து, தனிப் பிரிவாகக் காட்டுகிறது. அனைத்துலக வரையறைப்படி, கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடாதவன் வேலையில்லாதவனே அல்ல!

ஒரு மணி நேரம் உழைத்தாலே வேலை என்பது ஏமாற்றுக் கணக்காகப் படலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கட்டிய மாலையின் மதிப்பும் நாட்டின் உற்பத்தியில் சேர்கிறது. மாலையை எண்ணிவிட்டுக் கட்டிய கையை விட்டுவிட முடியுமா? எனவே வேலையின்மை விகிதம் அடியோடு வேலை இல்லாதவர்களை மட்டுமே சொல்லும். கூடுதல் நேரம் உழைக்க விரும்பியும் கிடைக்காதவர்களுக்கு வேறு அளவுகோல் உண்டு. அதற்கும் மலேசியா 30 மணி நேரத்தையும் சிங்கப்பூர் 35 மணி நேரத்தையும் எல்லையாக வைத்திருக்கின்றன.

இத்தனை கணக்குகளையும் எப்படி ஒப்பிடுவது? ஜெனிவாவில் உள்ள அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு செய்யும் வேலை வியக்கத்தக்கது. நாடுகள் அறிவிக்கும் விகிதங்களை அப்படியே அடுக்கிவைப்பதோடு நிற்பதில்லை. கணக்கெடுப்பின் மூலத் தரவு கிடைக்கும் நாடுகளில், பெயர் நீக்கிய பதில்களை ஒவ்வொருவராக எடுத்து, எல்லோருக்கும் ஒரே விதியைப் பொருத்தி, முதலிலிருந்து எண்ணுகிறார்கள். சிங்கப்பூர்த் தாத்தாக்களை நீக்கிவிட்டு 15 முதல் 64 வரை மட்டும் எடுப்பது எளிது. கேட்காத கேள்விக்குப் பதில் வரவழைப்பதுதான் முடியாத காரியம்.

எடுத்துக்காட்டாக, அந்த அமைப்பு 2013இல் கூட்டிய புள்ளியியலாளர் மாநாடு, வீட்டுச் சாப்பாட்டுக்காக மட்டும் பயிரிடுவது உழைப்பு, ஆனால் 'வேலை' ஆகாது என்று பிரித்தது. இந்தியக் கணக்கெடுப்பில் அப்படிப் பயிரிடுபவர் வேலையில் இருப்பவர். விளைச்சல் விற்பனைக்கா, வீட்டுக்கா என்று வாசலில் நின்று கேட்டிருந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

மலேசியக் கணக்கெடுப்பு தனியார் குடியிருப்புகளின் கதவைத்தான் தட்டுகிறது. விடுதிகளுக்குப் போவதில்லை. அதனால் கிள்ளான் வட்டாரத் தொழிற்சாலை விடுதிகளில் தங்கி உழைப்பவர்கள் மூலத் தரவிலேயே இல்லை. ஜெனிவாவில் எவ்வளவு திறமையாகக் கணக்கிட்டாலும் அவர்களைச் சேர்க்க வழியில்லை. அவர்களிடம் கேட்க யாராவது இங்கே விடுதி வாசலுக்குப் போக வேண்டும்.